நீலகிரி ஜில்லா: நிலமும் எல்லையும்

கோடை விடுமுறையில் உதகமண்டலத்திற்கு ஒருமுறையேனும் சென்று மீளாதார் நம்முள் மிகச் சிலரே. சென்றவர் யாவரும் ஏரியையும் பூந்தோட்டத்தையும் பல்சக்கர ரயிலையும் புகழ்ந்துரைப்பர். ஆயினும் அம்மலைமீது நின்று, 'இந்நிலம் எந்த ஜில்லாவைச் சேர்ந்தது?' என்று சென்ற நூற்றாண்டுகளில் ஒருவர் வினவியிருப்பின், அவர்க்குக் கிடைக்கும் விடை காலந்தோறும் வேறுபட்டிருக்கும் என்பதைச் சிந்தித்தார் அரியர். 1799 முதல் 1882 வரையுள்ள 83 ஆண்டுகளில் இம்மலையின் கூறுகள் கோயம்புத்தூரோடும் மலபாரோடும் மாறிமாறிச் சேர்க்கப்பட்டும் பிரிக்கப்பட்டும் வந்தன. படத்தில் ஒரு கோடு இடம் பெயர்தல் சிறிய செய்தியாகத் தோன்றலாம். கோட்டிற்கு இப்பால் ஒரு நிலச்சட்டமும் அப்பால் மற்றொரு நிலச்சட்டமும் வழங்குமாயின் அது சிறிய செய்தியன்று. கோடு பெயர்ந்தாலும் அது விட்டுச்சென்ற சட்டம் எளிதிற் பெயர்வதில்லை என்பதற்கு நீலகிரி ஜில்லாவின் வரலாறு, சிறப்பாகக் கூடலூரின் வரலாறு, தக்க சான்றாகும். ஆதலின் நிலத்தின் இயல்பை முதற்கண் கூறி, எல்லையின் கதையைப் பின்னர்க் கூறுவாம்.

நீலகிரி தனித்த ஒரு குன்றன்று. கிழக்குத் தொடர்ச்சி மலையும் மேற்குத் தொடர்ச்சி மலையும் ஒன்றையொன்று தலைக்கூடும் இடத்தே உயர்ந்து நிற்கும் பீடபூமியாகும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிச் செல்வார்க்கு, மேலே சென்றடைந்ததும், மலை முடிந்து மற்றொரு நாடு தொடங்கியது போன்ற தோற்றம் உண்டாகும். அம்மேல்நாட்டின் நீளம் ஏறத்தாழ 35 மைல். அகலம் 20 மைல். சராசரி உயரம் 6,500 அடி. எல்லாவற்றினும் உயர்ந்த சிகரமாகிய தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர், அதாவது 8,650 அடிக்குச் சிறிது மேல். 'பெரிய மலை' என்பதே அப்பெயரின் பொருள். வடக்கே மோயாற்றின் ஆழ்ந்த பள்ளம் இம்மலையை மைசூர் மேட்டுநிலத்தினின்று பிரிக்கின்றது. மேற்கே குந்தா மலைகள் செங்குத்தாக இறங்கி நிலம்பூர்க் காடுகளை அடைகின்றன.

ஆறுகளின் போக்கைக் கவனித்தல் இன்றியமையாதது. முக்குறுத்திச் சிகரத்தருகே தோன்றும் பைக்காரா வடக்கு நோக்கி ஓடி, அருவியாய் வீழ்ந்து, மோயாறு என்னும் பெயர் பெற்றுக் கிழக்கே திரும்புகின்றது. குந்தாப் பகுதியில் தோன்றும் பவானி, மலையின் தென்பால் மேற்கே சென்று கேரள நாட்டினுட் புகுந்து மீண்டும் கிழக்கே திரும்பி மேட்டுப்பாளையத்தை அடைகின்றது. இவ்விரண்டும் மலையை இரு கைகளால் வளைத்தாற்போலச் சுற்றிவந்து, சமவெளியிற் கூடிக் காவிரியை நோக்கிச் செல்கின்றன. ஆனால் கூடலூரை அடுத்த ஓவேலிப் பள்ளத்தாக்கில் எழும் பாண்டியாறோ மேற்கே இழிந்து சாலியாற்றொடு கலந்து அரபிக்கடலை அடைகின்றது. எனவே, ஒரே ஜில்லாவில் பெய்த மழை இரண்டு கடல்களுக்குச் செல்கின்றது. நீர் வகுத்த இந்த எல்லையைக் கச்சேரிகள் வகுத்த எல்லையோடு ஒப்பிட்டு நோக்குமாறு வாசகரை வேண்டுகின்றோம்.

மழையும் ஒருபடித்தாயதன்று. தென்மேற்குப் பருவக்காற்று குந்தாவிலும் கூடலூரிலும் தன் வலிமையைக் காட்டும். 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. குன்னூரும் கோத்தகிரியும் வடகிழக்குப் பருவத்தையே பெரிதும் நம்பியிருப்பன. மசினகுடிப் பக்கமோ மழை மறைவில் அமைந்த முட்காடு. ஒரே பகற்பொழுதில் இம்மூன்று நிலங்களையும் கடந்து சென்றுவிடலாம்.

மேல்நாட்டின் இயற்கைத் தோற்றம் புல்வெளியும் சோலையும் ஆகும். குன்றுகளின் முதுகெல்லாம் புல். அவற்றிடையே நீரோடும் மடிப்புகளில் மட்டும் குட்டையான மரங்கள் நெருங்கிய காடு. இக்காட்டிற்குத் தமிழர் சூட்டிய பெயர் சோலை. அதனை ஆங்கில வன நூலார் 'ஷோலா' என்று எழுத, இன்று தமிழ் எழுதுவோருட் சிலர் அதனையே மீண்டும் கடன் வாங்கி 'ஷோலாக் காடு' என்று எழுதுகின்றனர். நம் வீட்டுப் பொருளை நாமே விலை கொடுத்து வாங்குதல் போல்வது இது. அது நிற்க. மழையையும் மூடுபனியையும் புல்லும் சோலையும் தாங்கி, கோடையிலும் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு ஈகின்றன. மரமில்லாத நிலம் வெறுநிலம் என்று கருதிய ஐரோப்பியர், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும் தைல மரத்தையும் கொணர்ந்து நட்டனர். உதகைக்கு விறகு வேண்டியிருந்தமை உண்மையே. ஆனால் அந்நிலம் வெறுநிலம் அன்று. மலையின் சதுப்புகளிற் படிந்த மண்ணை ஆராய்ந்த அறிஞர், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னரும் இங்குப் புல்வெளி இருந்ததென்று காட்டியுள்ளனர். இன்று வருடை என்னும் மலையாடுகள் வாழும் முக்குறுத்தித் தேசியப் பூங்காவைச் சுற்றியே பழைய புல்வெளியின் பெருங்கூறு எஞ்சியுள்ளது.

தமிழிலக்கியம் பயில்வார்க்கு இங்கே ஒரு வியப்பு உண்டு. மலை குறிஞ்சி என்றும், காடு முல்லை என்றும், ஆநிரை மேய்த்தல் முல்லைக்குரிய தொழில் என்றும் நாம் கற்றோம். நீலகிரியிலோ, சரிவுகளிலுள்ள காடுகளில் தேனெடுத்தும் சாமை விதைத்தும் வாழ்ந்தவர் குறும்பரும் இருளரும். உச்சியிலுள்ள புல்வெளியில் எருமை மேய்த்து வாழ்ந்தவர் தோடர். குறிஞ்சியின் தலைமீது முல்லை ஏறியமர்ந்த நிலம் இது. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை நீலக்குறிஞ்சி பூப்பதும் அந்த மேய்ச்சற் புல்வெளியிலேயே. தோடர் குடியிருப்பிற்கு வழங்கும் 'மந்து' என்னும் சொல் நம் 'மந்தை'யோடு உறவுடையது என்று கருத இடமுண்டு. அம்மந்தே ஊர்ப்பெயரில் மண்டலமாய் உயர்ந்துவிட்டது. கோத்தர் இரும்பும் மண்ணும் மரமும் கொண்டு தொழில் செய்தனர். வடக்கிலிருந்து வந்தேறிய படகர் உழுது பயிரிட்டனர். இவர்தம்முள் நெய்யும் தானியமும் கருவியும் பண்டமாற்றாய்ச் சென்றன. கச்சேரியும் கலெக்டரும் இன்றி நெடுங்காலம் நடந்த ஏற்பாடு அது.

எழுத்துச் சான்றுகளுள் பழமையானது, ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் படைத்தலைவன் புணிசன் தோடரை அச்சுறுத்தி நீலமலையைக் கைக்கொண்டான் என்று கூறும் 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டாகும். அதன் பின்னர், 1603-ஆம் ஆண்டில் ஜகோமோ பெனீசியோ என்னும் இயேசு சபைக் குருவர் மேற்குக் கடற்கரையினின்று மலையேறி வந்தார். தோமா வழிவந்த கிறிஸ்தவருள் ஒரு கூட்டத்தார் வழிதவறி அம்மலைமேல் வாழ்கின்றனர் என்ற செய்தியை நம்பியே அவர் அனுப்பப்பட்டார். அங்கே கிறிஸ்தவர் ஒருவரும் இலர். ஆயினும் தாம் கண்ட தோடரையும் படகரையும்பற்றி அவர் எழுதிவைத்த குறிப்பே அம்மக்களைப்பற்றி ஐரோப்பியர் எழுதிய முதற் குறிப்பாயிற்று. மிஷன் வரலாற்றில், தேடியது கிடையாமையால் விளைந்த நன்மைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை யாம் அறியோம்.

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மலை ஆங்கிலக் கம்பெனியார் கைக்கு வந்தது. கோயம்புத்தூர்க் கலெக்டரான ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறிக் கோத்தகிரிப் பக்கத்தே வீடு கட்டினார்; சில ஆண்டுகளுக்குள் உதகையிலும் கல்வீடு எடுத்தார். அவ்வீடு பிற்காலத்தே அரசினர் கலைக் கல்லூரியாயிற்று. ஏரியை வெட்டுவித்தவரும் அவரே. இவற்றைப் பலரும் அறிவர். அவர் நடத்திய வழக்கை அறிவார் சிலர். மலையின் மேல்நாட்டு நிலம் தோடர்க்கே உரிமையுடையது என்றும், அதனை அவர்க்கு விலை கொடாமல் எடுத்தல் முறையன்று என்றும் அவர் வாதித்தார். அவர்தாமும் தோடரிடம் மிகக் குறைந்த விலைக்குப் பெருநிலம் வாங்கியவர் என்பதை மறைத்தல் நேர்மையாகாது; ஆயினும் வாதம் வாதமே. சென்னைச் சர்க்கார் அதற்கு இணங்கவில்லை. 1830-இல் சல்லிவன் கோயம்புத்தூரை விட்டகன்றார். அவ்வாண்டிலேயே மலையின் பெரும்பகுதி மலபார் ஜில்லாவிற் சேர்க்கப்பட்டது. 1843-இல் அது மீண்டும் கோயம்புத்தூருக்கு வந்தது. குந்தா மட்டும் மலபாரிலேயே நின்றது. அக்காலத்திலேயே, தோடர்க்கு உள்ளது மேய்ச்சலுரிமையே. நிலவுரிமையன்று என்னும் முடிபும் உறுதியாயிற்று. எருமை மேய்ந்த நிலம் சர்க்காரின் தரிசு என்று கணக்கிலேறியது. காப்பியும் தேயிலையும் சிங்கோனாவும் அத்தரிசின்மேல் எழுந்தவையே.

இனி இணைப்புகளை விரைவாகக் கூறுவாம். 1860-இல் குந்தா மலைகள் மலபாரிலிருந்து பெறப்பட்டன. 1868 ஆகஸ்டில் நீலகிரி கோயம்புத்தூரினின்று பிரிந்து ஒரு கமிஷனரின் கீழ்த் தனி நிர்வாகமாயிற்று. முதற் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ். மலைவாழ் மக்களைப்பற்றியும் அவர்தம் பழைய கற்குவைகளைப்பற்றியும் அவர் எழுதிய நூல் அவர் இறந்தபின் 1873-இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே ஓவேலிப் பள்ளத்தாக்கு சேர்க்கப்பட்டது. 'ஓவேலி' என்பதைக் கேட்டவுடன் வேலி என்னும் தமிழ்ச்சொல்லை நினைந்து பொருள் தேடப் புகுந்தோம். ஆயின், அப்பள்ளத்தாக்கில் காப்பித் தோட்டம் வைத்த அக்டர்லோனி என்பாரின் பெயரில் முதலெழுத்தை மட்டும் நிறுத்தி, பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு சேர்த்த குறுக்கமே அது என்று அறிந்து நாணினோம். 1877-இல் தென்கிழக்கு வயநாட்டின் மூன்று அம்சங்கள், அதாவது நம்பலக்கோடு, சேரங்கோடு, முன்னநாடு என்பன, மலபாரினின்று வந்தன. 1882-இல் கமிஷனர் பதவி ஒழிந்து கலெக்டர் பதவி ஏற்பட்டது. ஜில்லாவின் உருவம் இவ்வாறு முற்றுப்பெற்றது. இன்று உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என்னும் ஆறு தாலூகாக்கள் உள்ளன.

இவற்றுள் கூடலூரும் பந்தலூரும், 1877-இல் வந்த மூன்று அம்சங்களையும் ஓவேலியையும் கொண்டவை. இங்கேதான் யாம் முன்னர்க் கூறிய இடர் தொடங்குகின்றது. கோயம்புத்தூர் ஜில்லாவில் வழங்கியது ரயத்துவாரி முறை. அதன்படி பயிரிடுவோன் சர்க்காரிடம் நேரே பட்டா பெறுவான். பயிரிடாத நிலமும் காடும் சர்க்காருடையவை. மலபாரில் வழங்கியது ஜன்ம முறை. அதன்படி காடாயினும் மேடாயினும் நிலத்திற்கு ஜன்மி ஒருவர் உண்டு. ஏனையோர் அவரிடம் குத்தகை பெற்றவரே. கூடலூர்ப் பகுதியின் பெரும்பாலான நிலம் நிலம்பூர்க் கோவிலகத்தாரின் ஜன்மமாயிருந்தது. மூன்று அம்சங்களும் ஜில்லா மாறின. ஆனால் ஜன்மம் மாறவில்லை. மலபாரின் நிலமுறை மலையேறி நீலகிரியின் ஒரு மூலையில் தங்கிற்று. நீர் மேற்கே ஓடியது. உரிமைப் பத்திரமும் மேற்கே நோக்கியது. வரிமட்டும் கிழக்கே உதகைக்குச் சென்றது.

மாற்றம் நிகழ்ந்த சில ஆண்டுகளுக்குள் இப்பகுதியில் பொன்வேட்கை மூண்டது. தேவாலா, பந்தலூர்ப் பாறைகளில் பொன் உண்டென்ற செய்தி லண்டன் நகர்வரை பரவ, 1879-க்கும் 1882-க்கும் இடையே முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் தோன்றின. காட்டினிடையே எந்திரங்கள் வந்தன. பந்தலூரில் குதிரைப் பந்தயமும் நடந்தது. பொன் இருந்தது மெய். செலவிற்கு ஈடாகும் அளவு இல்லாமையும் மெய். கம்பெனிகள் மறைந்தன. கைவிட்ட சுரங்கத் துளைகளும் குத்தகைப் பத்திரங்களும் எஞ்சின.

1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழி மாகாணங்கள் அமைந்தபோது மலபார் ஜில்லா கேரளத்திற்குச் சென்றது. நீலகிரி சென்னை மாகாணத்திலேயே நின்றது. 1877-இல் இரண்டு ஜில்லாக்களுக்கு இடையே இட்ட கோடு ஒரே நாளில் இரண்டு மாகாணங்களின் எல்லையாயிற்று. ஒரே வயநாடு இரண்டாயிற்று. கேரளத்திலுள்ள ஜன்ம நிலங்களுக்குக் கேரளச் சட்டசபை சட்டம் செய்தது. கூடலூர் ஜன்மத்திற்கோ தமிழ்நாட்டுச் சட்டசபை தனிச்சட்டம் ஒன்று செய்ய நேர்ந்தது. கூடலூர் ஜன்ம எஸ்டேட்டுகளை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றும் 1969-ஆம் ஆண்டுச் சட்டம் அதுவே. ஏறத்தாழ 80,000 ஏக்கர் நிலத்தைப்பற்றியது அது.

அச்சட்டம் சென்ற வழி நெடியது. தோட்டக் கம்பெனிகள் வழக்குத் தொடுத்தன. 1972-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தைப் பொதுவாக ஏற்றுக்கொண்டு, காடுகளைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் பகுதியை மட்டும், அது நிலச்சீர்திருத்தம் ஆகாது என்று தள்ளிற்று. உடனே 1974-இல் அரசியலமைப்பின் 34-ஆம் திருத்தத்தால் அச்சட்டம் முழுவதும் ஒன்பதாம் அட்டவணையில் வைக்கப்பட்டது. அவ்வட்டவணையில் வைத்த சட்டத்தை நீதிமன்றம் ஆராயலாமோ ஆகாதோ என்னும் வினா எழுந்து, ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த ஆயத்தின்முன் சென்றது. 1973 ஏப்ரல் 24-க்குப் பின்னர் அவ்வட்டவணையிற் சேர்ந்த சட்டங்கள் அரசியலமைப்பின் அடிப்படைக்கு மாறாயின் நில்லா என்று 2007 ஜனவரி 11-ஆம் தேதி அவ்வாயம் தீர்ப்பளித்தது. சட்டம் பயில்வோர் கோயல்ஹோ வழக்கு என்று கூறும் பேர்பெற்ற வழக்கு இதுவே. அவ்வழக்கின் வேர் கூடலூர்க் காட்டில் உள்ளது என்பதை அவர்களுள் எத்துணையர் அறிவர் என்று வியக்கின்றோம்.

இதனிடையே மற்றொரு வழக்கு. நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, முன்னர்த் தம் குடும்பத்தார்க்கு உரிமையாயிருந்த கூடலூர்க் காடுகளில் மரங்கள் வெட்டப்படுவதைக் கண்டு பொறாது 1995-இல் உச்ச நீதிமன்றத்தை அடைந்தார். நிலத்தை இழந்தவர், நிலத்தைக் கேளாமல், மரத்திற்காக வழக்காடியது நம் கருத்தைக் கவர்கின்றது. 1996 டிசம்பர் 12-ஆம் தேதி நீதிமன்றம் இட்ட கட்டளை, காடு என்னும் சொல்லுக்கு அகராதிப் பொருளே பொருள். நிலம் எவருடையதாயினும் காடு காடே என்று கூறிற்று. தமிழ்நாட்டுத் தோட்டங்கள் காட்டை அழித்து மேலும் விரியலாகாது என்றும் தடுத்தது. இந்திய நாடு முழுவதற்கும் காட்டின் வரையறை இவ்வாறு கூடலூரிலிருந்தே சென்றது.

காட்டிற்கு இவை நன்மையே. ஆனால் அந்நிலத்தில் வாழும் மாந்தர் நிலை யாது? 1964-ஆம் ஆண்டு இந்திய இலங்கை உடன்படிக்கைக்குப் பின் இலங்கைத் தோட்டங்களினின்று தாயகம் திரும்பிய தமிழர்க்காகச் சர்க்காரே 1968 முதல் கூடலூர், பந்தலூர்ப் பக்கங்களில் காட்டு நிலத்தைத் திருத்தித் தேயிலை பயிரிட்டது. தோட்டவேலைக்கு வந்தோரும், கேரளத்தினின்று வந்து சிறுநிலம் திருத்தினோரும் ஜன்ம நிலத்திற் குடியேறினர். குத்தகை செல்லுமா, காடு எதுவரை, பட்டா எவர்க்கு என்பன தீரும்வரை இவர்க்கு உரிமைப் பத்திரம் இல்லை. சட்டத்தின் 17-ஆம் பிரிவைச் சேர்ந்த நிலங்கள் இவ்வாறு நெடுங்காலம் தீராது கிடந்தன. வலசை செல்லும் யானைக்கும் அதே நிலமே வழி. காட்டைக் காப்போரும் குடிகளைக் காப்போரும் ஒருவரையொருவர் பகைவராக எண்ணும்படி நேர்ந்தமைக்கு அவ்விருவரும் காரணரல்லர் என்பது எம் கருத்து. 90 ஆண்டுகளாக எவரும் தீர்க்காமல் விட்ட ஜன்மக் கணக்கே காரணம்.

ஜன்மிக்கும் முன்னர், குத்தகைக்காரனுக்கும் முன்னர், அவ்வயநாட்டு வயலில் இறங்கியவர் பணியர். பணி செய்வோர் என்பதே அப்பெயரின் பொருள். நிலத்தோடு சேர்த்து ஆளையும் கைமாற்றிய காலத்தில், அவர்கள் நிலத்தின் ஒரு பகுதியாகவே எண்ணப்பட்டனர். ஜன்மப் பத்திரத்திலும் குத்தகைச் சீட்டிலும் அவர் பெயர் இல்லை. காட்டுநாயக்கரும் குறும்பரும் அவ்வாறே. காட்டில் வாழ்வோர்க்குக் காட்டின்மேல் உரிமை உண்டென்று இந்தியப் பாராளுமன்றம் சட்டம் செய்தது 2006-ஆம் ஆண்டில். தமிழ்நாட்டில் அச்சட்டப்படி உரிமைப் பத்திரம் வழங்குதல் நீதிமன்றத் தடையினால் நின்று, 2016-இல் தடை நீங்கியபின்னரே தொடங்கிற்று. தென்கிழக்கு வயநாடு ஜில்லா மாறி அப்போது 139 ஆண்டுகள் ஆகியிருந்தன.